கான்வாஸ் சுவருக்கு அந்தப் பக்கம்

ஜூலை பிறந்தால் நானும் என் தங்கை த்ரினியும் மலைக்குப் போய்விடுவோம். கீழே மெர்செட் ஊரில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் எனக்கு வேலை. அவள் ஒரு பல் டாக்டரின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருக்கிறாள். ஜூலை வெயிலில் எங்கள் ஊர்த் தார்ச்சாலை செருப்போடு ஒட்டிக்கொண்டு வரும். மலைமேல் இருக்கும் தேசியப் பூங்காவிலோ பைன் மரங்களுக்கு அடியில் வரிசையாகக் கூடாரங்கள் போட்டே வைத்திருப்பார்கள். மரத் தரை, மரச் சட்டம், அதன்மேல் இழுத்துக் கட்டிய கான்வாஸ், உள்ளே இரும்புக் கட்டில், உடம்பைக் குத்துகிற கம்பளி, உச்சியில் ஒற்றை பல்பு. நாம் கொண்டுபோக வேண்டியது ஒரு பூட்டும் கொஞ்சம் பொறுமையும்தான்.

பொறுமை எதற்கென்றால், கான்வாஸ் ஆளை மறைக்கும், பேச்சை மறைக்காது. பக்கத்துக் கூடாரத்தில் ஒருவர் காலுறையைக் கழற்றினால் நமக்குத் தெரிந்துவிடும். பழகியவர்கள் ரகசியக் குரலில் பேசிக்கொள்வார்கள். முதல்முறை வருகிறவர்கள் நான்கு சுவருக்குள் இருப்பதாக நினைத்துக்கொண்டு குடும்பக் கதை முழுவதையும் கொட்டுவார்கள். அது எங்களுக்கு நல்ல பொழுதுபோக்கு.

டெல்பர்ட், நெல்டா இருவரின் முகத்தையும் பார்ப்பதற்கு முன்பே அவர்களுடைய குரல் எங்களுக்கு அறிமுகமாகிவிட்டது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நாங்கள் படுத்திருந்தபோது பக்கத்துக் கூடாரத்தின் கதவு கிறீச்சிட்டது.

"இதுக்கா இம்புட்டு தூரம் வந்தோம்?" என்றது ஓர் ஆண் குரல். அது மெதுவாகப் பேசியே பழகாத குரல். "நம்ம கன்னுக்குட்டிக் கொட்டகை இதைவிட கெட்டியா இருக்கும்."

"அப்ப அங்கேயே போய்ப் படுத்துக்கோ."

"சுவரைத் தொட்டா ஆடுது நெல்டா."

"தொடாத."

த்ரினி தலையணையைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து வெளியே இரும்புச் சத்தம் கேட்டது. ஒவ்வொரு கூடாரத்தின் முன்னாலும் கரடிக்குப் பயந்து ஓர் இரும்புப் பெட்டி வைத்திருப்பார்கள். ரொட்டி, பழம் மட்டுமல்ல, பற்பசை, சோப்பு, உதட்டுச்சாயம் என்று வாசனை வருகிற எல்லாமே அதற்குள் போக வேண்டும். கரடி கையை விட முடியாதபடி அதன் தாழ்ப்பாளை ஒரு குறுகலான இடுக்குக்குள் வைத்திருப்பார்கள். நான் எட்டிப் பார்த்தபோது மண்வெட்டி அகலத்தில் கைகள் உள்ள ஒரு பெரிய மனிதர் அந்த இடுக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் சிவப்பு வெயில் தொப்பி போட்ட சின்ன உருவமான ஓர் அம்மாள்.

"கரடிக்குன்னு செஞ்ச பூட்டு உனக்கும் நல்லாத்தான் வேலை செய்யுது" என்றாள் அந்த அம்மாள்.

நான் போய்த் திறந்து கொடுத்தேன். அப்படித்தான் பேச்சு தொடங்கியது. அவர்கள் ஹில்மார் பக்கத்துப் பால்பண்ணைக்காரர்கள், சில்வேரா குடும்பம். மகள் வடக்கே கல்யாணமாகிப் போய்விட்டாள். மகனுக்கு மாட்டு வாடை பிடிக்காது. கிழவருக்கு முழங்கால் தேய்ந்துவிட்டதால் இந்த வசந்தத்தில் மாடுகளையெல்லாம் விற்றுவிட்டார்கள். விடியும் முன் ஒரு கறவை, சாயங்காலம் ஒரு கறவை என்றே கல்யாணமான நாளிலிருந்து ஓடிய வாழ்க்கை. மாட்டை விட்டுவிட்டு ஓர் இரவு கூட இருவரும் சேர்ந்து வெளியே தங்கியதில்லை.

"தேன்நிலவுக்குக் கூடவா போகல?" என்று த்ரினி கேட்டுவிட்டாள்.

"போனோமே, காலைல கடலுக்கு" என்றாள் நெல்டா. "மத்தியானம் மீன் சாப்பிட்டோம். சாயங்காலக் கறவைக்குத் திரும்பிட்டோம்."

"நல்ல மீன் அது" என்றார் டெல்பர்ட்.

மாடுகள் போய்விட்டனவே தவிர கறவை நேரம் அவர் உடம்பை விட்டுப் போகவில்லை. மறுநாள் பறவைகள் எழும் முன்பே அவர் எழுந்துவிட்டார். பூட்ஸ் மரத்தரையில் தடதடவென்றது. கதவு கிறீச்சிட்டது. எங்கள் வரிசையில் ஒரு குழந்தை அழ ஆரம்பிக்க, யாரோ ஸ்பானிஷில் சாபம் விட்டார்கள். அது த்ரினிதான். டெல்பர்ட் காப்பிக்கடை திறப்பதற்கு வெகுநேரம் முன்பே போய் அதன் வாசலில் நின்றிருக்கிறார். கடைக்காரப் பெண் வந்ததும், "என்னம்மா, இவ்வளவு லேட்டா?" என்று கேட்டாராம்.

பிறகு அவருக்குச் செய்ய ஒன்றும் இருக்கவில்லை. நெல்டா ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டு, அருவியைப் பார்த்தபடி காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவர் அருவியை ஒரு முறை பார்த்தார். "நல்லா விழுது" என்றார். அதோடு அருவி முடிந்துவிட்டது. கூடாரத்தைச் சுற்றி வந்தார், கயிறுகளை இழுத்துப் பார்த்தார், எங்கள் கூடாரத்தின் கயிறுகளையும் இழுத்துப் பார்த்தார். கடைசியில் அவருடைய கண் கதவுக் கீல்களின் மேல் விழுந்தது. அந்த வரிசையில் கிறீச்சிடாத கதவே கிடையாது.

நாங்கள் அருவிக்கரைவரை நடந்துவிட்டு வந்தபோது டெல்பர்ட் கடைசிக் கூடாரத்தின் வாசலில் மண்டியிட்டிருந்தார். கையில் ஒரு வெண்ணெய்க் கட்டி. காலை உணவோடு கொடுக்கிற வெண்ணெயை எங்கிருந்தெல்லாமோ கேட்டு வாங்கி, வரிசை முழுவதும் ஒவ்வொரு கீலிலும் தாராளமாகத் தடவி முடித்திருந்தார்.

"இப்ப தொறந்து பாருங்க" என்றார் எங்களிடம். கதவு சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு திறந்தது. அவர் முகம் முழுவதும் சிரிப்பு. "நான் காலைல போனா இனிமே யாருக்கும் தெரியாது."

உண்மையைச் சொன்னால் வரிசையில் எல்லாருக்கும் சந்தோஷம்தான். அழுத குழந்தையின் அம்மா அவருக்கு ஒரு பீச் பழம் கொடுத்தாள். அந்தச் சந்தோஷம் பூங்காவைக் காவல் காக்கிற ரேஞ்சர் வரும்வரை இருந்தது. பழுப்புத் தொப்பி போட்ட இளம்பெண் அவள். மூக்கைச் சுளித்துக்கொண்டே வந்து ஒரு கீலைத் தொட்டு, விரலை முகர்ந்தாள்.

"சார், இது என்ன?"

"வெண்ணெய். உப்புப் போடாதது."

"நேத்து சாயங்காலம் ஆத்தங்கரையில ஒரு தாய்க் கரடியும் ரெண்டு குட்டியும் சுத்திக்கிட்டிருந்தது. நீங்க அதுங்களுக்கு வாசல் வாசலா இலை போட்டுப் பரிமாறி வச்சிருக்கீங்க."

வரிசையே வேடிக்கை பார்த்தது. டெல்பர்ட்டின் காது சிவந்துவிட்டது. அவர் நெல்டாவைத் திரும்பிப் பார்த்தார். நெல்டா நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, "அந்தப் பொண்ணு சொல்றது சரிதானே டெல்? வாளி எடுத்துட்டு வா, கழுவிடலாம்" என்றாள். அவர் வெந்நீரும் சோப்புமாக வாசல் வாசலாகப் போய்க் கழுவினார். நாங்களும் கூடமாட உதவினோம். கீல்கள் பழையபடி கிறீச்சிட ஆரம்பித்தன.

அதன்பிறகு கூடாரத்துக்குள் நடந்ததை எங்கள் வரிசை மொத்தமும் கேட்டது.

"கிளம்பு, வீட்டுக்குப் போகலாம்."

"இன்னும் மூணு நாள் இருக்கு."

"இங்க நான் என்ன பண்றது? உக்காரவா? எனக்கு உக்காரத் தெரியாது நெல்டா. என் அப்பனுக்கும் தெரியாது."

"கத்துக்கோ."

"ஊர் முன்னாடி என்னை ஒரு சின்னப் பொண்ணு திட்டறா, நீயும் அவ பக்கம் சேர்ந்துக்கற."

"கரடி பக்கம் சேரச் சொல்றியா?"

"நான் போறேன்."

"போ."

வண்டிச் சாவி குலுங்கிய சத்தம் பாதியில் நின்றது. இந்த 'போ' அவர் எதிர்பாராதது என்பது அதிலிருந்தே தெரிந்தது.

"நெசமாத்தான் போறேன்."

"நெசமாத்தான் சொல்றேன், போ. அந்த நாற்காலிய மட்டும் விட்டுட்டுப் போ."

பிக்கப் வண்டி புழுதி கிளப்பிக்கொண்டு போனதும் நெல்டா வெளியே வந்தாள். தொப்பியைச் சரிசெய்துகொண்டு எங்கள் வாசலில் நின்றாள்.

"கேட்டுச்சா?"

"எல்லாமே கேட்டுச்சு" என்றேன். பொய் சொல்வதில் அர்த்தமில்லை.

"நல்லதாப் போச்சு. திருப்பிச் சொல்ற வேலை மிச்சம். ஐஸ்கிரீம் எங்க விக்கறாங்க?"

சாப்பாட்டுக்கு முன்னாலேயே ஆளுக்கு இரண்டு கரண்டி ஐஸ்கிரீம் சாப்பிட்டோம். நெல்டாவுக்கு அது பெரிய குற்றம் செய்தது போல இனித்தது. அன்று மாலை நாங்கள் கொண்டுவந்திருந்த டமாலேயை, சோளமாவுக்குள் இறைச்சி வைத்து மடலில் சுற்றி அவித்ததை, பகிர்ந்துகொண்டோம். மூன்றாவது டமாலேயைப் பிரித்தபோது, "இதைச் செஞ்சது யாரு?" என்று கேட்டாள். நான்தான் என்றேன். "உன்னைப் பள்ளிக்கூடத்துல வச்சு வீணாக்கறாங்க" என்றாள். அந்த நிமிடமே எனக்கு அவளைப் பிடித்துப்போய்விட்டது.

மறுநாள் காலை அவள் எழுந்திருக்கவே இல்லை. சூரியன் பாறைமுகட்டுக்கு மேலே ஏறி, கூடாரத்துக்குள் சூடு தட்டிய பிறகும் உள்ளேயிருந்து மெல்லிய குறட்டை வந்துகொண்டிருந்தது. த்ரினி பயந்துபோய், "போய்ப் பாக்கலாமா?" என்றாள். அப்போதுதான் கதவு கிறீச்சிட்டது. தலைமுடி எட்டுத் திசையிலும் நிற்க, நெல்டா வெளியே வந்து மலையைப் பார்த்தாள்.

"வெளிச்சம் வந்ததுக்கப்புறம் எந்திரிச்சா இப்படித்தான் இருக்குமா?" என்றாள்.

மதியத்துக்குமேல் எங்கிருந்தோ கறுத்த மேகம் திரண்டு மழை பிடித்துக்கொண்டது. மலையில் கோடை மழை அப்படித்தான், சொல்லாமல் வரும். மூவரும் நெல்டாவின் கூடாரத்துக்குள் ஓடி, கட்டில்மேல் சம்மணமிட்டுச் சீட்டாட உட்கார்ந்தோம். கான்வாஸ் கூரையில் மழை கொட்டுக் கொட்டென்று கொட்டியது. எங்கேயோ ஒரு மூலையில் ஒழுகியது. அதற்கு அடியில் வாளியை வைத்தோம். நெல்டா சீட்டில் ஏமாற்றுவாள் என்பது எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது. அதை மறைக்கக்கூட அவள் மெனக்கெடவில்லை.

மழை ஓய்ந்து கிளைகளிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தபோது த்ரினி கேட்டாள்.

"அவர் இல்லாம கஷ்டமா இல்லியா?"

"கஷ்டமா? நேத்து நான் தூங்கின தூக்கம் எங்கம்மா வயித்துக்குள்ள தூங்கினது." சீட்டைக் கலைத்துக்கொண்டே சொன்னாள். "ஒவ்வொரு கோடைக்கும் நான் ஒரு பெட்டி கட்டி வாசல்ல வைப்பேன். 'இந்த மாடு கன்னு போடட்டும்'பாரு. அது போட்டதும் அடுத்தது. கடைசியில நானே பிரிச்சு வைப்பேன். ஒரு வருஷம் பெட்டியைத் தொறந்தா உள்ள பூனை குட்டி போட்டிருக்கு. 'பாத்தியா, அதுகூட உன் பெட்டியில பிரசவத்துக்குத்தான் வந்திருக்கு'ன்னு சொல்லிச் சிரிக்கறாரு அந்த மனுஷன்."

நாங்களும் சிரித்தோம்.

"எப்படிங்க இவ்வளவு நாள் சமாளிச்சீங்க?" என்றேன்.

நெல்டா சீட்டைக் கீழே வைத்தாள். "ஒரு ஜனவரிக் குளிர்ல எனக்கு நிமோனியா வந்து ஆஸ்பத்திரியில படுத்துட்டேன். தெனமும் கறவை முடிஞ்சு அப்படியே பூட்ஸோட வருவாரு. நர்ஸுங்க மூக்கைப் பிடிச்சுக்கிட்டு ஓடுவாங்க. கட்டில் பக்கத்துல உக்காந்து, அன்னிக்கு எந்த மாடு எதை முறைச்சுது, எது எதோட சண்டை, எது புதுசா வந்த ஆளை மதிக்கல, எல்லாம் சொல்லுவாரு. ஊர்வம்பு மாதிரி. எனக்குச் சிரிச்சுச் சிரிச்சு இருமல் வரும். டாக்டர் வந்து திட்டுவாரு. பக்கத்துப் படுக்கைக்காரி, 'நாளைக்கும் வருவாரா உன் வீட்டுக்காரர்?'னு கேப்பா. அந்தக் கதைய விட்டுட்டு எங்க போறது?"

கீழே வைத்த சீட்டை எடுத்து அடுக்கினாள்.

"மாட்டை வித்ததுலருந்து அந்த ஆள் வாயே தொறக்கல. சாப்பாட்டு மேசையில ரெண்டு பேரும் ஸ்பூன் சத்தத்தைக் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கோம். அதுக்குத்தான் இங்க இழுத்துட்டு வந்தேன். நேத்து வெண்ணெயும் கையுமா நின்னாரு பாருங்க, அந்த மூஞ்சியப் பாத்து எத்தனை மாசமாச்சு தெரியுமா? நான் அவர் பக்கத்துல போய் நின்னிருக்கணும். கழுவறது அப்புறம் கழுவியிருக்கலாம்."

நெல்டா மூக்கை உறிஞ்சிக்கொண்டு பேச்சை மாற்றினாள்.

"ஒரு தடவை பாங்க் மேனேஜரு பண்ணையப் பாக்க வந்தாரு, வெள்ளைக் கால்சட்டை போட்டுக்கிட்டு. பொனிட்டானு ஒரு மாடு. அந்த ஆளைப் பின்னாடியிருந்து ஒரு உதை விட்டுது பாருங்க, நேரா தண்ணித் தொட்டிக்குள்ள..."

"அது பொனிட்டா இல்ல, மிமோசா!" என்றது கான்வாஸ் சுவர்.

த்ரினி கையிலிருந்த சீட்டெல்லாம் பறந்தது. நான் கட்டிலிலிருந்து விழாத குறை.

"பொனிட்டா ஈயைக்கூட உதைக்காது" என்று சுவர் மேலும் சொன்னது. "அந்த மாட்டைப் பத்தி அபாண்டமாப் பேசாத."

நெல்டா சுவர்ப் பக்கம் திரும்பினாள். அவள் உதடு துடித்தது, சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

"எவ்வளவு நேரமா அங்க நிக்கற?"

"பூனை குட்டி போட்டதிலிருந்து."

"மழையிலயா?"

"மழை விட்டுருச்சுல்ல." ஒரு செருமல். "சட்டை நனைஞ்சுதான் இருக்கு."

"எதுக்குத் திரும்பி வந்த? வீட்டுல என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகல. அதான் பிரச்சினை. நேத்து சாயங்காலம் கொட்டகைக்குப் போய் நின்னேன். ஒரு பயலும் இல்ல. வீட்டுக்குள்ள வந்து உன்னைக் கூப்பிட்டேன். அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு." குரல் சற்றே தாழ்ந்தது. அந்த மனிதரால் தாழ்த்த முடிந்த அளவுக்கு. "நெல்டா, உள்ள வரலாமா?"

"கதவு தொறந்துதான் இருக்கு. பூட்ஸைக் கழட்டிட்டு வா."

கதவு நீளமாகக் கிறீச்சிட்டுத் திறந்தது. தலையிலிருந்து கால்வரை நனைந்து, கையில் தொப்பியோடு டெல்பர்ட் நின்றார். எங்களைப் பார்த்ததும் அவர் காது மறுபடி சிவந்தது. நாங்கள் எழுந்து போக முயன்றோம். நெல்டா எங்கள் இருவரின் கையையும் பிடித்து உட்காரவைத்தாள்.

"எங்க போறீங்க? போனா மட்டும் கேக்காதா என்ன?" என்றாள். அவர் பக்கம் திரும்பி ஒரு துண்டை வீசினாள். "தலையைத் துவட்டு. இப்படி உக்காரு. மிமோசா கதைய நீயே சொல்லு, நான் சொன்னா குத்தம் கண்டுபிடிக்கற."

அவர் சொன்னார். தொடக்கத்தில் தயங்கித் தயங்கி, பிறகு எழுந்து நின்று, கையால் மாட்டின் கொம்பும் காலால் உதையும் காட்டிச் சொன்னார். பாங்க் மேனேஜர் தொட்டியிலிருந்து எழுந்து, "கடன் சாங்ஷன்" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்த இடத்துக்கு வந்தபோது எங்களுக்கு வயிறு வலித்தது. எங்கள் சிரிப்பு அடங்கிய பிறகும் சிரிப்புச் சத்தம் நிற்கவில்லை. அது இந்தப் பக்கக் கூடாரத்திலிருந்தும் பின்வரிசையிலிருந்தும் வந்துகொண்டிருந்தது. "அப்புறம் அந்த மாடு என்னாச்சு?" என்று யாரோ ஓர் ஆள் கான்வாஸுக்கு அப்பாலிருந்து கத்திக் கேட்டார்.

டெல்பர்ட் திகைத்துப்போய் நெல்டாவைப் பார்த்தார். "இங்க பேசறது பின்வரிசை வரைக்குமா கேக்குது?"

"நீ பேசறது ஊருக்கே கேக்கும்" என்றாள் அவள். "சொல்லு, கேக்கறாங்கல்ல."

அன்று சாயங்காலம் அந்த வரிசையில் எவரும் பீட்சாக்கடைக்கு நேரத்தில் போய்ச் சேரவில்லை. ரேஞ்சர் பெண் ரோந்து வந்தவள், ஒரு கதை முடியும்வரை கைகட்டி நின்று கேட்டுவிட்டுத்தான் போனாள்.

அவர்களுடைய கடைசி நாளில் நால்வரும் ஆற்றில் இறங்கினோம். காற்றடித்த ரப்பர் படகை வாடகைக்கு எடுத்து, மேல் பாலத்தடியில் ஏறிக் கீழ்ப் பாலம்வரை மிதந்து போவது இங்கே வழக்கம். அங்கே கரையேறினால் பேருந்து வந்து அழைத்துக்கொள்ளும். டெல்பர்ட் மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு, டிராக்டரில் உட்கார்வது போல விறைப்பாக உட்கார்ந்தார். துடுப்பு நெல்டாவின் கையில். அவள் எந்தப் பக்கம் போட்டாலும் படகு வட்டமடித்தது.

"இடது பக்கம் போடு" என்றார் டெல்பர்ட்.

"எது இடது?"

"நீ காப்பி குடிக்கற கை."

"நான் ரெண்டு கையாலயும்தான் குடிப்பேன்."

ஒரு வளைவு தாண்டியதும் தண்ணீர் அகன்று, கண்ணாடியாகி, தானாகவே எங்களைச் சுமந்துகொண்டு போயிற்று. இரு பக்கமும் பாறைச் சுவர், மேலே துண்டு வானம். அவர் பேச்சு மெல்ல மெல்லக் குறைந்தது. கொஞ்ச நேரத்தில் தலை பின்னால் சாய்ந்து, தொப்பி மூக்கின்மேல் விழுந்து, வாய் திறந்தது. பட்டப்பகலில், நடுஆற்றில், ஒரு வேலையும் செய்யாமல் டெல்பர்ட் சில்வேரா தூங்கிக்கொண்டிருந்தார்.

கீழ்ப் பாலம் தெரிந்தது. கரையில் நின்ற ஆள் கையை ஆட்டி, "இங்க! இங்க ஒதுங்குங்க!" என்று கூப்பிட்டான். நான் துடுப்பைக் கேட்டுக் கை நீட்டினேன். நெல்டா தரவில்லை.

"எழுப்பாத" என்றாள் மெதுவாக.

"பாலம் போயிடும்."

"போகட்டுமே."

பாலம் எங்கள் தலைக்கு மேலே போயிற்று. பின்னால் அந்த ஆள் விசில் ஊதிக்கொண்டே கரையோரமாக ஓடிவந்தான். த்ரினி அவனுக்கு அன்போடு கையசைத்தாள்.